கஞ்சி நிறத்தில் ஒரு கைவைத்த நாற்காலி

ஒரு காட்டில் ஒரு சாப்பாட்டு அறை இருந்தது. காட்டில் எதற்குச் சாப்பாட்டு அறை என்று கேட்பவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போகலாம். வசதி வந்தால் அறை வரும். அறை வந்தால் அதில் எதைப் போட்டு நிரப்புவது என்ற கவலை வரும். இதில் காட்டுக்கும் ஊருக்கும் வித்தியாசம் கிடையாது.

அந்த அறை, கிளைமுத்து என்ற கருமந்திக்கும் அவர் மனைவி கனகவாலியம்மாளுக்கும் சொந்தம். பெரிய ஆலமரத்தின் கவையில் பலகை பரப்பி, சுற்றிலும் மூங்கில் தட்டி அடித்துக் கட்டியது. குரங்கைப் போய் ‘அவர்’ என்று எழுதுகிறாயே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தின்பதற்கென்று தனியாக ஓர் அறை வைத்திருக்கும் ஒருவரை ‘அது’ என்று எழுத எனக்குத் துணிச்சல் போதாது. ஆப்பைப் பிடுங்கி வாலை நசுக்கிக்கொண்ட குரங்கின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குரங்கு படிக்காதது. இவர்கள் படித்தவர்கள்.

இவர்களுக்கு ஒரே மகள், செந்தளிர். போன அத்திப்பழப் பருவத்தில் எல்லாக் கூட்டமும் ஆற்றோரம் கூடியபோது, தென்மலைக் கூட்டத்தைச் சேர்ந்த கொப்புராசு என்ற இளைஞன் ஒரு பழத்தை இரண்டாகப் பிட்டான். புழு இல்லாத பாதியை அவளிடம் நீட்டிவிட்டு, புழு இருந்த பாதியை ஒன்றும் சொல்லாமல் தான் தின்றான். காதலுக்கு இதைவிட நம்பகமான சான்றை நான் கேள்விப்பட்டதில்லை. செந்தளிர் வீட்டுக்கு வந்து, “கட்டினா அவரைத்தான் கட்டுவேன். இல்லைன்னா யாரும் வேணாம்” என்று சொல்லிவிட்டாள்.

பெற்றவர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பையனின் அப்பா நெடுவாலப்பன் தென்மலைக் கூட்டத்துக்கே தலைவர். அந்த மலையில் பலா காய்த்தால் முதல் சுளை அவருக்குத்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று கிளைமுத்து இரண்டு நாள் மரமெல்லாம் தாவித் திரிந்தார். உடனே தரகர் ஓணானைத் தென்மலைக்கு அனுப்பினார்கள். ஓணானுக்கு எதைக் கேட்டாலும் தலையாட்டுவது பிறவிக் குணம். தரகுத் தொழிலுக்கு வேறு தகுதி தேவையில்லை. அது இங்கே ஆட்டியது, அங்கே போய் ஆட்டியது, வளர்பிறையில் ஒரு நல்ல நாளில் பெண் பார்க்க வருவதாகச் செய்தி கொண்டுவந்தது.

அந்தப் பக்கத்துக் குரங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போகிற வீட்டில், மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று கிளம்பிவிடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் இதுவரை எதையும் சொல்லி அனுப்பியதாகத் தெரியவில்லை.

ஆகவே தென்மலைக்காரர்கள் கை நனைக்க வேண்டும். செந்தளிர் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். கனகவாலியம்மாள் அதற்கு ஒரு படி மேலே போய், கை நனைக்கிறவர் எதில் உட்கார்ந்து நனைப்பார் என்று யோசித்தார். அங்கேதான் வினை தொடங்கியது.

சாப்பாட்டு அறையில் ஈட்டி மரத்து மேசை ஒன்று இருந்தது. சுற்றிலும் மரக்கட்டைகள்.

“அவ்ளோ பெரிய மனுஷரைக் கட்டையில உக்கார வைக்கிறதா?” என்றார் கனகவாலியம்மாள்.

ஓணான் தலையாட்டியது.

காட்டின் ஓரத்தில், தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், ஒரு நரி ஷோரூம் வைத்திருந்தது. பழைய கதைகளில் திராட்சைக்கு எட்டாமல் துள்ளிக்கொண்டிருந்த இனம்தான். இப்போது மற்றவர்களுக்கு எட்டாத இடத்தில் திராட்சையைக் கட்டி வைக்கும் வேலைக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு மேடை, மேடைக்கு மேல் ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே அந்த நாற்காலி. தேக்குக் கால்கள், வளைந்த கைகள், உட்காரும் இடத்திலும் முதுகிலும் மெத்தை தைத்திருந்தது.

“இது மிட்-செஞ்சுரி மாடர்ன், மேடம்” என்றது நரி.

“அப்டின்னா?”

“போன நூற்றாண்டு நடுவுல ரொம்பப் புதுசா இருந்தது.”

“அப்ப பழசு” என்றார் கிளைமுத்து.

“பழசு இல்ல சார், ரீஇஷ்யூ. அன்னைக்கு வந்ததை அப்படியே இன்னைக்குத் திரும்ப விட்டிருக்காங்க.”

“அப்ப புதுசு.”

நரி பொறுமையாகச் சிரித்தது. “புதுசு யார் வேணாலும் வாங்கலாம் சார். பழசு எல்லார் வீட்டுப் பரண்லயும் கிடக்கும். இது பழசோட புதுசு. அதான் இந்த விலை.”

“எங்க தாத்தா அந்தக் காலத்துல ஒரு மொட்டைக் கட்டையிலதான் உக்காந்திருப்பார். அதை யாரும் திரும்ப விடலையே?”

“அதுக்குக் கை இல்லையே சார்!” என்று நரி நாற்காலியின் கைகளைத் தடவிக் காட்டியது. “இது கைவெச்ச நாற்காலி. டைனிங் டேபிள் தலைமாட்டுல ஒண்ணே ஒண்ணு போட்டாப் போதும். மத்தவங்க எதுல உக்காந்தா என்ன? கை இருக்கிற நாற்காலியில யாரு உக்காந்திருக்காங்களோ, அவருக்குத்தான் மரியாதை.”

கனகவாலியம்மாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா கஞ்சி கலரா இருக்கே.”

நரியின் முகம் வாடியது. “ஓட்மீல் கலர், மேடம்.”

“அது என்னது?”

“வெளிநாட்டுக் கஞ்சி.”

“அதைத்தானே நானும் சொன்னேன்.”

அடுத்து ஒரு சந்தேகம். முதுகுப் பக்கம் முழுக்க அடைத்து மெத்தை வைத்திருந்ததால் வாலை விடுவதற்கு வழியே இல்லை. கேட்டதற்கு நரி குரலைத் தாழ்த்திக்கொண்டது. இதை வடிவமைத்தது பனிக்காட்டில் வாழ்ந்த ஒரு வாலில்லாக் குரங்காம். பெரிய மேதையாம். வாலுள்ளவர்கள் சாப்பிட உட்காருவார்கள் என்று அந்த மேதைக்குத் தோன்றவே இல்லையாம்.

“வாலை முன்பக்கமா கொண்டுவந்து மடியில வெச்சுக்கலாம் மேடம். இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான் உக்காருறாங்க.”

எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றால் அப்புறம் பேச்சு ஏது? கிளைமுத்து மட்டும், புறப்படுகிற நேரத்தில், துணியில் கறை பட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

“சாப்பாடு மட்டும் படக் கூடாது சார்.”

“சாப்பாட்டு அறை நாற்காலிதானே இது?”

“ஆமா சார். சாப்பாட்டு அறையில வைக்கலாம். சாப்பாடு படக் கூடாது.”

“தண்ணி?”

“பட்டா திட்டு விழும்.”

“துடைக்கலாமா?”

“துடைச்சா பரவும்.”

“துவைச்சா?”

“சுருங்கும்.”

“அப்ப என்னதான்யா பண்றது?”

“பார்த்துக்கிட்டே இருக்கலாம் சார்” என்றது நரி, அதில் கேலி ஒன்றும் இல்லாமல்.

விலையை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வருஷம் அந்த வீட்டில் யாருக்கும் பலாப்பழம் இல்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

நாற்காலி வீட்டுக்கு வந்தது. மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டால், நாற்காலியின் கைகள் மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றன. உள்ளே போகவில்லை. உட்காருகிறவருக்கும் இலைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. கனகவாலியம்மாள் நரிக்குப் போன் போட்டார்.

“அது இடிக்கிறது இல்ல மேடம். அது பிரீதிங் ஸ்பேஸ்” என்றது நரி.

“அது மூச்சு விடுற இடமாம்” என்று கணவரிடம் சொன்னார் கனகவாலியம்மாள்.

“சாப்பிடுற இடத்துல எதுக்குடி மூச்சு விடுற இடம்?”

“தெரியாததைப் பேசாதீங்க.”

கிளைமுத்து ஒரே ஒரு தடவை அதில் ஏறி, வழக்கம்போலச் சம்மணம் போட்டு உட்காரப் பார்த்தார். சம்மணம் போடாமல் சாப்பிட்டால் அவருக்கு உண்ட மாதிரியே இருக்காது. இரண்டு பக்கமும் கைகள் இருந்ததால் முழங்கால்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. மகளும் மனைவியும் ஆளுக்கு ஒரு கக்கத்தைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் தரையில் உட்கார்ந்து, மேசையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

நாற்காலி கடையிலிருந்து ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் உறைக்குள் வந்திருந்தது. அந்த உறையைக் கழற்றவில்லை. நல்ல பொருள் வாங்கினால் உறையைக் கழற்றக் கூடாது என்பது நம் நாட்டில் மனிதர், விலங்கு, பறவை எல்லாருக்கும் பொதுவான தர்மம். பக்கத்து மரத்து மயில் பார்க்க வந்து, “கழற்றிட்டு உக்காந்தா சுகமா இருக்குமே” என்றது. “கழற்றினா அழுக்காகிடும்” என்றார் கனகவாலியம்மாள். மயில் தன் தோகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

கனகவாலியம்மாளுக்கு அந்த நாற்காலிமேல் பிரியம் வந்துவிட்டது. இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து முரட்டுப் பட்டைமேல் உட்கார்ந்து காய்ப்புக் காய்த்த உடம்பு அது. கூட்டத்தில் எல்லாரும் தின்று முடித்த பிறகு, மிச்சமிருந்த கிளையில் நின்றுகொண்டே மிச்சமிருந்ததைத் தின்றே பாதி ஆயுள் போயிருந்தது. அந்த வீட்டுக்கு மெத்தென்று ஒரு பொருள் வந்தது அதுதான் முதல் தடவை. காலையில் எழுந்ததும் உறைமேல் படிந்த தூசியை வாலால் தட்டிவிட்டு, எதிரில் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அவர் ஒரு நாளும் உட்காரவில்லை.

“அவங்க வந்து கை நனைச்சாப் போதும்மா. நாற்காலி எதுக்கு?” என்று கேட்டாள் செந்தளிர்.

“உனக்காகத்தாண்டி வாங்கினதே” என்றார் அம்மா. அப்போது அதைச் சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

பெண் பார்க்கிற நாள் வந்தது. நெடுவாலப்பனும் அவர் மனைவி அத்திக்கனியும் மகன் கொப்புராசும் மரம் மரமாகத் தாவி வந்து இறங்கினார்கள். வழிகாட்ட வந்த ஓணான், கனகவாலியம்மாள் காதில் ஒரு யோசனை சொன்னது: “உறையைக் கழட்டிடுங்கம்மா. பிளாஸ்டிக் போட்டு வெச்சிருந்தா நம்பி உக்கார வைக்கலைன்னு நினைச்சுக்குவாங்க.” அவர் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உறையை உருவினார். கஞ்சி நிறத் துணி முதல் தடவையாகக் காற்றுப் பட்டு நின்றது.

“இதுல உக்காருங்கண்ணே” என்று நெடுவாலப்பனைக் காட்டினார் கிளைமுத்து.

நெடுவாலப்பனுக்குப் பெயருக்கேற்ற வால். அவர் ஏறி உட்கார்ந்து, வாலுக்கு இடம் தேடி, கடைசியில் அதைச் சுருட்டி, கைக்குழந்தையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டார். முதுகு மெத்தையில் பட்டதும் கண் சொக்கியது. இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள்மேல் வைத்துக்கொண்டு, “ஏயப்பா, பஞ்சுல மிதக்க மாதிரில்லா இருக்கு” என்றார். கனகவாலியம்மாளின் கண் அந்தக் கைகளை விட்டு அகலவில்லை. வழியில் எதை எதைத் தொட்டுவிட்டு வந்தாரோ என்று அவருக்கு ஒரே உதைப்பு.

அத்திக்கனி கறாரான பேர்வழி. பெண்ணைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்து, உச்சந்தலையில் பேன் பார்த்தார். குரங்குகள் பெண் பார்ப்பது என்றால் அதுதான். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பேன் நல்லா கொழுகொழுன்னு இருக்கு. பிள்ளைக்கு நல்ல உடம்பு” என்றார். “எலே, நீ என்ன சொல்லுத?”

கொப்புராசு செந்தளிரைப் பார்த்துச் சிரித்தான். செந்தளிர் தலையைக் குனிந்துகொண்டாள். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒட்டுக்கேட்ட அணில்கள்கூட நிம்மதியாக மூச்சு விட்டன.

“பிறகென்ன தங்கச்சி? எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு” என்றார் நெடுவாலப்பன். “கையை நனைச்சிர வேண்டியதுதான்!”

அந்த வீடு மாதக்கணக்கில் காத்திருந்த வார்த்தை. கிளைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இலை விழுந்தது. அத்திக்காய்க் கூட்டு, மாங்காய்க் குழம்பு, தேனில் ஊறிய தினைமாவு எல்லாம் வரிசையாக வந்தன. ஓணான் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நெடுவாலப்பனிடம் நீட்டி, “கையை நனைங்க தலைவரே” என்றது.

நெடுவாலப்பன் வலது கையை நாற்காலியின் கைமேலிருந்து எடுத்தார். தண்ணீரில் விடப் போனார். கனகவாலியம்மாளுக்கு அதற்கடுத்து நடக்கப் போவதெல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. கை நனையும். நனைந்த கை பழையபடி நாற்காலியின் கைமேல் வந்து உட்காரும். திட்டு விழும். துடைத்தால் பரவும்.

“ஐயையோ அண்ணே, கை நனைக்காதீங்க!” என்று கத்திவிட்டார்.

இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்த கிளைமுத்து அப்படியே நின்றார். ஓணான்கூடத் தலையாட்டுவதை நிறுத்தியது.

அத்திக்கனி மெதுவாக எழுந்தார். “கேட்டீயளா? பொண்ணைப் பெத்தவ வாயாலயே கை நனைக்காதன்னு சொல்லுதா. எந்திரிங்க, போவோம்.”

“ஐயோ, அது இல்ல அண்ணி!” என்று குறுக்கே பாய்ந்தார் கிளைமுத்து. “அவ அந்த அர்த்தத்துல சொல்லல. நாற்காலிக்காகச் சொன்னா. ஈரக் கை பட்டா துணியில திட்டு விழுந்துடும், அதுக்காக…”

விளக்கம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் தவறியது என்று எவ்வளவோ வீடுகளில் எவ்வளவோ விஷயம் கடந்து போகிறது. விளக்கம் சொன்னால்தான் மனசில் இருப்பது வெளியே வரும்.

“ஓகோ” என்றார் அத்திக்கனி. “அப்ப எங்க வீட்டு மனுசர் கையை விட ஒங்க நாற்காலி கை ஒசத்தி.”

நெடுவாலப்பன் நல்ல மனிதர், அதாவது நல்ல குரங்கு. அவர் மனைவியைக் கையமர்த்தினார். “சும்மா இரு. ஆசைப்பட்டு வாங்கிருப்பாவ.” அப்புறம் செம்பில் கையை முழுசாக விட்டு நனைத்து வெளியே எடுத்து, நாற்காலியின் கைக்கு நேர் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். “இந்தா, கை நனைச்சாச்சு. இனி இதை இதுமேலதான் வைக்கப் போறேன். வைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தங்கச்சி. அத்தோட சம்பந்தம் முடிஞ்சது, நாம சாப்பிடலாம்.”

விரல் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

“அம்மா” என்றாள் செந்தளிர். மெதுவாகத்தான் சொன்னாள். கொப்புராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் தாய் மனசு வென்றிருக்கும். கனகவாலியம்மாள் மகளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். திரும்பவும் மகளைப் பார்த்தார். வைங்கண்ணே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“கீழ ஒரு துண்டு மட்டும் விரிச்சுக்கலாமாண்ணே?” என்று வந்தது.

நெடுவாலப்பன் கையைத் தன் மார்பு ரோமத்திலேயே துடைத்துக்கொண்டு இறங்கினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

“துண்டை ஒங்க தலையில போட்டுக்கிடுங்க” என்றார் அத்திக்கனி. மகனின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். கொப்புராசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இலைகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஈக்கள் மட்டும் கை நனைத்தன.

கனகவாலியம்மாள் நாற்காலியிடம் போய், வலது கையைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்லவேளை, ஒண்ணும் படல” என்றார்.

செந்தளிர் இதைக் கேட்டாள். அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்தினாள்.

சம்பந்தம் முறிந்த செய்தி காடெங்கும் பரவியது. கூடவே அது எப்பேர்ப்பட்ட நாற்காலியால் முறிந்தது என்பதும் பரவியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் நேராகச் சாப்பாட்டு அறைக்குள் போய், மறுபடியும் போட்டிருந்த உறைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, “அவங்களுக்குக் கொடுத்து வைக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு தலைவரையே எழுப்பி அனுப்பிய நாற்காலி என்று அதற்கு மரியாதை கூடியது. கிளைமுத்துவைக் கண்டால் இப்போது கரடிகூட ஒதுங்கி வழி விட்டது. நரி இந்தக் கதையைத் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லி, இன்னும் இரண்டு நாற்காலி விற்றது.

ஒரு மாதத்துக்குள் ஓணான் புது வரனோடு வந்தது.

“மேற்குச் சோலையில பெரிய இடம்மா. பொண்ணு பார்க்கக்கூட வர வேணாம்னுட்டாங்க. கை நனைக்கிறது, கால் நனைக்கிறது ஒண்ணும் கிடையாது. பொண்ணோட அந்த நாற்காலியும் வருமான்னு மட்டும் கேட்கச் சொன்னாங்க.”

கனகவாலியம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என்ன திமிர் இருந்தா இப்படிக் கேப்பாங்க? பொண்ணை வேணும்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நாற்காலி இந்த வீட்டை விட்டு நகராது!”

ஓணான் தலையாட்டியது. கிளைமுத்து தரையைப் பார்த்தார். வாசலில் நின்ற செந்தளிர் உள்ளே வந்தாள்.

“யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பொண்ணுன்னா என்னைக்கா இருந்தாலும் போறவதானே? நாற்காலி அப்படியா?”

“அதுவும் சரிதான்” என்றாள் செந்தளிர். கிளைக்கு வந்தாள். பட்டப்பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தெற்கே பார்த்துத் தாவினாள்.

தென்மலையில் அப்போது சாப்பாட்டு வேளை. அங்கே அறையும் கிடையாது, மேசையும் கிடையாது. வெயிலில் காய்ந்த பாறைமேல் இலையைப் போட்டு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கொப்புராசு எழுந்துவிட்டான். அத்திக்கனி எழவில்லை.

“என்னட்டி, ஒங்கம்மா விட்டாளா? இல்ல, எங்க பாறைக்குத் துண்டு விரிக்க வந்தியா?”

செந்தளிர் நேரே போய், வட்டத்தில் ஓர் இடம் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஓர் இலையைத் தன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பசிக்குது அத்தை” என்றாள்.

பசிக்குது என்று வந்து உட்கார்ந்தவருக்கு இல்லை என்று சொல்ல அந்த மலையில் யாருக்கும் வராது, அத்திக்கனிக்கும் வராது. முணுமுணுத்துக்கொண்டே சோற்றை அள்ளி வைத்தார். குழம்பை ஊற்றினார். செந்தளிர் ஐந்து விரலையும் விட்டுப் பிசைந்தாள். குழம்பு மணிக்கட்டுக்கு வந்தது, முழங்கைக்கு வழிந்தது, பாறையில் சொட்டியது. அவள் அந்தக் கையை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினாள்.

“நான் கை நனைச்சுட்டேன். எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சொல்லுங்க.”

பெண் வந்து மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் அது செல்லுமா என்று கூட்டத்தில் ஒரு கிழட்டுக் கடுவன் சந்தேகம் எழுப்பியது. அதற்கு முன்னுதாரணம் இல்லையாம். அத்திக்கனி வழிந்துகொண்டிருந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா?” என்று கேட்டார்.

நெடுவாலப்பன் சிரித்த சிரிப்பில் பாறை இடுக்கிலிருந்த பல்லிகள் எல்லாம் ஓடின. கல்யாணம் அந்த வாரமே முடிந்தது.

செய்தியைக் கொண்டுவந்தது ஓணான்தான். கல்யாணம் நடந்துவிட்டது, உங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை, பெண் சந்தோஷமாக இருக்கிறாள், இனி இந்தப் பக்கம் வருகிற மாதிரி தெரியவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தலையாட்டிவிட்டு, சரிந்து இறங்கிப் போய்விட்டது.

கனகவாலியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றார். புழு இல்லாத பாதியைக் கொடுத்தவனிடம் போயிருக்கிறாள், நன்றாகத்தான் இருப்பாள் என்று மனசுக்குத் தெரிந்தது. மகள் போய்விட்டாள் என்றும் அதே மனசுக்குத் தெரிந்தது. அடிவயிற்றிலிருந்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கையை நீட்டித் துழாவி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலியைப் பார்க்க வருகிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அன்று காலையில்தான் உறையைக் கழற்றி வைத்திருந்தார்கள். வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. மெத்தை அவரை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “என் தங்கமே” என்று வாய் விட்டு அழத் தொடங்கினார்.

கிளைமுத்து பக்கத்தில் வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. மனைவியின் தோளை மெதுவாகத் தொட்டார்.

“கனகு” என்றார். “கண்ணீர் உப்பு. துணிக்கு ஆகாது.”

கனகவாலியம்மாள் எழுந்தார். துணியைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் படவில்லை. தரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.

நீதி: சாப்பாட்டு அறைக்கு மெத்தை வைத்த நாற்காலி வாங்குவதில் தவறொன்றும் இல்லை, சாப்பிடுகிறவர்களையும் அழுகிறவர்களையும் மட்டும் முன்கூட்டியே வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும்.